நெல்லைப் பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? சுண்ணாம்பிலிருந்து தொடங்குங்கள்

திருநெல்வேலி டவுனிலும் கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் பல, தெருப்பக்கம் ஒடுங்கி உள்ளே நீண்டு போகும். தார்சா என்ற முன்பகுதி, பட்டாசல் என்ற கூடம், அதை அடுத்த பகுதியான இரண்டாம் கட்டு, அடுப்படி, புறவாசல் என்று வரிசை. முன்கதவையும் பின்கதவையும் திறந்தால் காற்று நேராக ஓடும். முற்றம் இருந்தால் சூடு அதன் வழியே மேலேறிவிடும். கரண்டு இல்லாமலே குளிரும் அமைப்பு இது. அதைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் எதையும் இடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று சாக்பீஸால் குறித்து வையுங்கள். ஆசாரியைக் கூப்பிட்டு, உத்தரக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

அடுத்து, தண்ணீர் உள்ளே வரும் வழியை அடைத்துவிடுங்கள். உடைந்த கூரை ஓடுகளை மாற்றுவது, முற்றத்து வடிகாலைச் சுத்தம் செய்வது, இவை முடியாமல் சுவரில் கை வைக்க வேண்டாம்.

சுவர்தான் பெரிய வேலை. பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுவர் பொரிந்து உதிரும். ‘சிமென்ட் போட்டா சட்டுனு முடிஞ்சிரும்’ என்று கொத்தனார் சொல்வார், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரை நன்றாக உலரவிடுங்கள். அப்புறம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு சேர்த்துக் குழையுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விடுவது நம் பக்கத்து வழக்கம். மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு, ஒன்று இறுகியபின் அடுத்ததைப் பூசுங்கள். கடைசியில் வெள்ளை அடித்தால் போதும், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். சுண்ணாம்பு கண்ணைச் சுடும். கண்ணாடி, கையுறை கட்டாயம். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

தட்டட்டியிலும், அதாவது மொட்டைமாடியிலும், வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கீழே சூடு குறையும். முற்றத்தைக் கண்ணாடியால் மூடவே கூடாது. பாதுகாப்புக்கு இரும்புக் கம்பி போதும். இருட்டான பகுதியின் கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு பதித்தால் பகலில் விளக்கு வேண்டாம்.

பழைய வயரிங்கை முழுக்க மாற்றி எர்த் போடுங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி (BLDC) என்ற மின்சாரம் மிச்சம் பிடிக்கும் மோட்டார் உள்ள விசிறிக்கு 30 வாட் அளவில் போதும். சோலார் பலகையை நாட்டு ஓட்டின்மேல் ஏற்றாதீர்கள். புறவாசல் பக்கம் கான்கிரீட் தளம் இருந்தால் தெற்கு பார்த்து வையுங்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள்.

வீட்டின் முகம் அதன் மரத்தில் இருக்கிறது. தேக்குக் கதவில் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, ஆளிவிதை எண்ணெய் தேயுங்கள். மேற்கு ஜன்னலுக்குக் கோரைப்பாய் தொங்கவிட்டால் அழகும் நிழலும் கிடைக்கும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டபின் எறியுங்கள்.