பேய் படம் போட்டா பேயை விடுங்க, வைத்தியரைப் பாருங்க

அல்சூர்ல எங்க வீட்டு ஹால்ல மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை அஞ்சாறு பேரு கூடி படம் பாக்குறோம், எல்லாருமே பெங்களூர்ல வளந்த தமிழ் ஆளுங்க. கொஞ்ச நாளா ஒரே ரகமா தேடிப் பிடிச்சு பாத்துட்டிருக்கோம், அதாவது ஒரு பொண்ணுக்கோ குழந்தைக்கோ ஏதோ ஆயிடும், குணப்படுத்த மனநல டாக்டரோ மந்திரவாதியோ சாமியாடியோ வருவாங்க, வந்திருக்கிறது நோயா பேயான்னு கடைசி வரைக்கும் இழுக்கும், அந்த மாதிரி த்ரில்லர். இதை எப்படி பாக்கணும்னு நாங்க கத்துக்கிட்டதை எழுதுறேன்.

முதல்ல, நேரா கொரியன் படத்துக்குப் போயிடாதீங்க. நமக்குத் தெரிஞ்ச கதையில இருந்து ஆரம்பிங்க, சந்திரமுகி. முடிவு எல்லாருக்கும் தெரியும்ங்கறதுதான் இங்க வசதியே, பயம் போயிடுச்சுன்னா அந்த டாக்டர் என்ன பண்றாருன்னு நிதானமா கவனிக்கலாம். ஆனா அதை மட்டும் பாக்காதீங்க, இதே கதையை 1993ல பாசில் மலையாளத்துல எடுத்த மணிச்சித்திரத்தாழ், 2004ல பி.வாசு கன்னடத்துல எடுத்த ஆப்தமித்ரா, அப்புறம் 2005 சந்திரமுகி, இந்த வரிசையில மூணு வாரம் பாருங்க. ஆப்தமித்ராவுல ஆச்சாரியாரா வர்ற அவினாஷ்தான் சந்திரமுகியிலயும் அதே ராமச்சந்திர ஆச்சாரியாரா வர்றாரு, ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா அந்த ஒரு கேரக்டருக்கு ரெண்டு ஊர்லயும் எவ்வளவு மரியாதை குடுத்திருக்காங்கன்னு தெரியும். ஆப்தமித்ராவை மட்டும் கொஞ்சம் மனசு கனத்துதான் பாக்க வேண்டியிருக்கு, சௌந்தர்யா இதே ஊர்ல ஜக்கூர் பக்கம் விமான விபத்துல போனதுக்கு அப்புறம்தான் அந்தப் படமே ரிலீஸ் ஆச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மூணையும் பாக்கும்போது அந்தப் பேய் என்ன பாஷை பேசுதுன்னு கவனிங்க. மலையாளத்துல நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுறா. கன்னடத்துலயும் தமிழ்லயும் அது தெலுங்கு பேசுது. இதே கதையை 2007ல பிரியதர்ஷன் ஹிந்தியில எடுத்த பூல் புலையாவுல வங்காளி பேசுது. எந்த ஊருக்குப் போனாலும் பேய் அடுத்த ஊர்க்காரி! இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு நாங்க படத்தை நிறுத்திட்டு அரை மணி நேரம் பேசினோம், வீட்ல ஒரு பாஷை தெருவுல ஒரு பாஷைன்னு வாழுற நமக்கு இது சும்மா கடந்து போற விஷயம் இல்லைங்க. மணிச்சித்திரத்தாழ்ல பேய் பிடிச்ச மாதிரி ஆகுற கங்காவுக்கு டப்பிங் பாக்கியலட்சுமி குரல், அவ நாகவல்லி ஆனதும் துர்கா குரல், கண்ணை மூடிட்டு அந்தக் கட்டில் தூக்குற சீனைக் கேளுங்க, ஆள் மாறுறது காதுலயே தெரியும். அந்த டாக்டர் ஜெயிக்கிறதும் இதனாலதான்னு நான் நினைக்கிறேன், நீ பேசுறது பொய்னு அவர் அவகிட்ட சண்டை போடல, அவ பாஷையில அவ கேட்டதைக் குடுக்குறாரு, அதுக்கு மந்திரவாதியோட பூஜையையே மருந்தா எடுத்துக்கறாரு.

அதனால எந்தப் படம் போட்டாலும் நாங்க கேக்குற கேள்வி ஒண்ணுதான், குணப்படுத்த வந்தவர் அந்தப் பொண்ணு பேசுறதை எந்த சீன்ல முதல் தடவை காது குடுத்துக் கேக்குறாரு? சில படத்துல அந்த சீனே இருக்காது, அடி, சங்கிலி, சாட்டை, ஒரு அலறல், முடிஞ்சுது. அந்த மாதிரி படத்தை நாங்க பாதியிலயே நிறுத்திடுவோம். 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடியில ஒரு மனநல காப்பகத்துல சங்கிலியால கட்டி வெச்சிருந்த 28 பேரு தீயில செத்தது நம்ம ஊர்ல நடந்தது, அதைத் தெரிஞ்சுகிட்டு சங்கிலியை ஒரு திகில் ஐட்டமா பாக்க எனக்கு மனசு வரல. அதுக்காக கோயில்ல நடக்குறது எல்லாம் கொடுமைன்னும் சொல்ல முடியாது. இதே பெங்களூர்ல இருக்குற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி டாக்டருங்க தமிழ்நாட்டுல ஒரு முத்துசாமி கோயில்ல தங்கியிருந்த 31 பேரைப் பாத்து 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க, மருந்து இல்லாமலே அவங்க நோய் அறிகுறி கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அங்க கட்டிப் போடல, அடிக்கல, சொந்தக்காரங்க கூடவே இருந்தாங்க. இந்த ரெண்டையும் மனசுல வெச்சுகிட்டு பாத்தாலே எந்தப் படம் நேர்மையா எடுத்ததுன்னு சீக்கிரம் பிடிபட்டுடும்.

இதுக்கப்புறம் வெளிநாட்டுக்குப் போங்க. 2016ல நா ஹாங் ஜின் எடுத்த தி வெய்லிங், அப்புறம் அவரே தயாரிச்ச தாய்லாந்து படம் தி மீடியம், கடைசியா 2024ல வந்த எக்ஸ்ஹூமா. தி மீடியம் ரொம்பக் கொடூரமா போகும், நாய் வளக்குறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. எக்ஸ்ஹூமா கொஞ்சம் லேசு, குடும்பத்தோட பாக்கலாம், ஆனா பின்பாதி எனக்கு அவ்வளவா ஒட்டல. தி வெய்லிங்தான் உச்சம், அதுல கொரியன் சாமியாடி மேளத்தோட ஆடுற ஒரு பெரிய பூஜை வரும், தேனி பக்கம் எங்க பாட்டி ஊர்ல கோடாங்கி உடுக்கை அடிச்சு குறி சொன்னதைப் பாத்தவ நான், அந்த சீன்ல உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

டப்பிங் வேண்டாம், ஒரிஜினல் சத்தத்தோட சப்டைட்டில் போட்டுப் பாருங்க, மந்திரம் சொல்ற குரல் மாறினா பாதி படம் போச்சு. டிவி ஸ்பீக்கர்ல மேளச் சத்தம் சப்புன்னு இருக்கும், சவுண்ட்பார் இல்லன்னா யார்கிட்டயாவது கேட்டு வாங்குங்க. அபார்ட்மெண்ட்ல பத்து மணிக்கு மேல சத்தம் வைக்க முடியாது, தி வெய்லிங் 156 நிமிஷம், நடுவுல டீக்கு நிறுத்துறதையும் சேத்தா ஆறரைக்கே ஆரம்பிச்சிடணும், வந்தவங்களும் மெட்ரோ இருக்கும்போதே கிளம்பலாம். கூப்பிடும்போதே கதை எதைப் பத்தினதுன்னு சொல்லிடுங்க, வீட்ல இப்படி ஒருத்தர் நோயில இருந்து அலைஞ்சவங்களுக்கு இது வெறும் படமா இருக்காது, எங்க கூட்டத்துலயே ஒரு தோழி ஒரு தடவை எழுந்து பால்கனிக்குப் போயிட்டா, நான் முன்னாடியே கேட்டிருக்கணும்.

முடிஞ்சதும் இன்டர்நெட்ல விளக்கம் தேடாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு தி வெய்லிங்ல அந்தப் பூஜை சீனை மட்டும் திரும்பப் போடுங்க, அதுல ரெண்டு பேரு ரெண்டு இடத்துல பூஜை பண்றதை மாத்தி மாத்தி காட்டுவாங்க, யாரு யாரை அடிக்கிறாங்கன்னு முதல் தடவை நீங்க நினைச்சது இப்பவும் அப்படியே நிக்குதான்னு பாருங்க. எங்க ஹால்ல மூணு பேரு கட்சி மாறிட்டாங்க, நான் இன்னும் மாறல.