மண்ணீரல் வீக்கம்: ஸ்கேனில் அளப்பது எப்படி?

ஒரே நோயாளிக்குக் கடலூரில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மண்ணீரல் நீளம் 11.8 செ.மீ., அடுத்த வாரம் புதுச்சேரியில் 13.1 செ.மீ. மண்ணீரல் வீங்கிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு பேரும் ஒரே தளத்தில் (படம் உடலை வெட்டிக்காட்டும் கோணத்தில்) அளந்தார்களா என்று முதலில் பாருங்கள்.

நோயாளியை மல்லாக்கவோ சற்று வலப்பக்கம் சாய்த்தோ படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். விலா இடைவெளி அகலும். வளைந்த ப்ரோப் (உடலில் வைத்துப் படம் எடுக்கும் கருவி), 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். இடது அக்குளின் பின்மடிப்பிலிருந்து நேர்கீழே இறங்கும் கோட்டில், 9-க்கும் 11-க்கும் இடைப்பட்ட விலாக்களின் நடுவே வைத்து, விலா ஓடும் திசையிலேயே ப்ரோப்பைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் விலாவின் கறுப்பு நிழல் மண்ணீரலைக் குறுக்கே வெட்டும்.

மூச்சில்தான் பலரும் தவறுகிறார்கள். "நல்லா இழுத்துப் பிடிங்க" என்றால் நுரையீரல் இறங்கி மேல்முனையை மூடிவிடும். அளவு குறைந்து போகும். "லேசா இழுத்து நிறுத்துங்க" என்பதே சரி. மேல்முனை, கீழ்முனை, ரத்தக்குழாய் நுழையும் வாயில் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் தெரிந்தால் படத்தை உறையவைத்து, முனையிலிருந்து முனைக்கு அளக்கவும். மூன்று முறை எடுத்து, பெரியதைக் குறியுங்கள்.

பெரியவர்களுக்கு 12 செ.மீ. வரை இயல்பு, உயரமானவர்களுக்கு 13 இருந்தாலும் பதற வேண்டாம். குழந்தைக்கு இந்தக் கணக்கு செல்லாது: 1 வயதில் உச்ச அளவு சுமார் 7 செ.மீ., 6 வயதில் 9.5 செ.மீ., 10 வயதில் 11 செ.மீ.

நீளம் மட்டும் போதாது என்றால் கன அளவு பாருங்கள்: நீளம் × அகலம் × தடிமன் × 0.524. 14 × 9 × 6 என்றால் சுமார் 396 மி.லி. சிடி ஸ்கேனில் மேலிருந்து கீழ் அளந்த உயரமும் அல்ட்ராசவுண்டில் சாய்வாக அளந்த நீளமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒப்பிட்டு "வளர்ந்துள்ளது" என்பது தவறு.

ஒல்லியானவர்களிடம் கல்லீரலின் இடது மடல் நீண்டு வந்து மண்ணீரலின் மேல் தொப்பி போட்டதுபோல் படியும். அதையும் சேர்த்து அளந்துவிடுவார்கள். மூச்சு விடச் சொன்னால் இரண்டும் தனித்தனியாக நழுவுவது தெரியும். கல்லீரல் சற்றுக் கறுப்பாகவும் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு நோயாளிகள் வரும்போது ப்ரோப்பை அழுத்தாதீர்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்து, வீங்கிய மண்ணீரல் மென்மையாக இருக்கும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டால் அழுத்தம் தேவையே இல்லை.

அறிக்கையில் எண்ணோடு, படுத்த நிலை, எந்தத் தளம், போர்ட்டல் சிரை (குடல், மண்ணீரல் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) விட்டம் ஆகியவற்றையும் எழுதுங்கள். அந்த விட்டம் 13 மி.மீ.க்கு மேல் போனால் கல்லீரலைத் திரும்பவும் கவனமாகப் பாருங்கள்.