மழையில் மட்டும் திணறும் பெட்ரோல் இன்ஜின்

வெயிலில் ஒழுங்காக ஓடும் கார் மழையில் மட்டும் குலுங்கினால், முதல் சந்தேகம் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் இக்னிஷன் மேல்தான். பொறி தரும் பிளக்கின் ஒயரிலோ, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் அடி ரப்பரிலோ மயிரிழை விரிசல் இருந்தால், ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்கை எட்டாமல் இன்ஜின் உலோகத்துக்குத் தாவிவிடும்.

இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலால் ஒவ்வோர் ஒயராகப் பனிபோல் நீர் தெளியுங்கள். நீலப் பொறி தெறிக்கும் இடமே கசிவு. தொடாதீர்கள், பல்லாயிரம் வோல்ட்.

ஒயர் இல்லாத, பிளக்குக்கொரு காயில் உள்ள வண்டியா? காரின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 (2-வது சிலிண்டர் சரியாக எரியவில்லை) வந்தால், இன்ஜினை அணைத்து 2-வது சிலிண்டர் காயிலை 3-வதோடு மாற்றுங்கள். ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்து, ஈரத்தில் மறுபடி ஓட்டுங்கள். பி0303 என மாறினால் காயிலோ அதன் ரப்பரோதான். மாறாவிட்டால் பிளக்கையும் அதன் குழியையும் பாருங்கள். குழியில் தண்ணீர் நின்றால் காற்றடித்து உலர்த்திய பிறகே பிளக்கைக் கழற்றவும். விரிசலுக்கு டேப் சுற்றுவது வீண்வேலை.