மாத பட்ஜெட் போடுவது எப்படி? மாதாமாதம் வராத செலவிலிருந்து தொடங்குங்கள்

பட்ஜெட் போட உட்காருகிறவர்கள் வாடகை, மளிகை, பால், பெட்ரோல் என்று வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்ப்பார்கள். "பரவாயில்லையே, ஆறாயிரம் மிஞ்சுதே" என்று நோட்டை மூடிவிடுவார்கள். அந்த மாதமே கரண்ட் பில் வரும். அடுத்த மாதம் வண்டி இன்சூரன்ஸ், அதற்கடுத்து சொந்தத்தில் ஒரு கல்யாணம், மொய். மிஞ்சியதாக நோட்டில் இருக்கும் பணம் கையில் இருக்காது. டீயையும் வடையையும் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரும்பாலான வீடுகளில் கணக்கைக் கவிழ்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள்தான். அவற்றை முதலில் பிடித்துக் கட்டிவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

உதாரணத்துக்கு ஒரு வீடு வைத்துக்கொள்வோம். மதுரையில் வாடகை வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது 42,000 ரூபாய். தொகைகள் நான் சும்மா வைத்தவை, உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கடந்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுங்கள்

"இன்றிலிருந்து எல்லாச் செலவையும் எழுதுகிறேன்" என்று ஆரம்பிக்க வேண்டாம், ஒரு வாரம் தாங்காது. வங்கி ஆப்பிலிருந்து மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள். செலவில் பாதிக்கு மேல் அதில் ஏற்கெனவே பதிவாகி இருக்கும்.

ஒரு சின்னத் தொல்லை உண்டு. ஜிபே, போன்பேயில் கொடுத்த பணம் பல இடங்களில் கடைப் பெயராக இல்லாமல் கடைக்காரர் பெயராகத்தான் வரும். செல்வி யார், முருகேசன் யார் என்று யோசிக்க வேண்டியிருக்கும். மூளையைப் போட்டுக் குழப்பாதீர்கள். 200 ரூபாய்க்குக் கீழே இருப்பதையெல்லாம் "சில்லறை" என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஏடிஎம்மில் எடுத்த பணம் மொத்தமும் செலவுதான். எங்கே போனது என்று தெரியாவிட்டாலும் போய்விட்டது. யுபிஐ லைட் (சின்னச் செலவுக்கு ஆப்பில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் வசதி) வைத்திருந்தால், அதில் பணம் ஏற்றிய பதிவு மட்டும்தான் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். தனித்தனிச் செலவை அந்த ஆப்பில்தான் பார்க்க வேண்டும்.

படி 2: மாதம் தவறாமல் போவதை எழுதுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. நம் உதாரண வீட்டில்:

வாடகை 10,000
வண்டி இஎம்ஐ 3,200
ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 3,000
பால் 1,500
போன், இன்டர்நெட் 1,000
கேஸ் 900

மொத்தம் 19,600.

படி 3: மாதாமாதம் வராதவை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தினசரி காலண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். ஒருவரே போட்டால் பாதி விட்டுப்போகும். பள்ளி ஃபீஸ் ஒருவருக்கு நினைவிருக்கும், சித்தி மகள் வளைகாப்பு இன்னொருவருக்குத்தான் நினைவிருக்கும்.

ஜூனில் பள்ளி: ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ. இரண்டாவது டேர்ம் எப்போது என்றும் குறியுங்கள். வைகாசி, ஆவணி, தை ஆகியவை முகூர்த்த மாதங்கள், மொய் வரிசைகட்டும். பழைய மொய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்தவர்களில் யாருக்கெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது அதில் கிடைத்துவிடும். ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆனால் தள்ளுபடி இருக்கும். அப்புறம் தீபாவளி, பொங்கல், குலதெய்வம் கோயில்.

கரண்ட் பில் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் மாதச் செலவில் சேர்க்க மறந்துவிடுகிறோம். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முன்னே மலிவாக வந்த யூனிட்டுகள் சிலவும் கூடுதல் விலைக்குப் போய்விடும். ஏசி இருக்கும் வீட்டில் கோடை பில் மற்ற பில்களைப் போல இருக்காது, அதைத் தனியாகக் கூட்டி எழுதுங்கள்.

நகரத்தில் சொந்த வீடு என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்வார்கள். பணம் தயாராக இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

நம் உதாரண வீட்டின் ஆண்டுப் பட்டியல்:

பள்ளி ஃபீஸ் 28,000
நோட்டு, யூனிஃபார்ம் 6,000
வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 5,000
மருத்துவக் காப்பீடு 14,000
டாக்டர், மருந்து 4,800
தீபாவளி 15,000
பொங்கல், கோயில் பயணம் 6,000
மொய், சீர் 10,000
கரண்ட் பில் ஆறு முறை 7,200

மொத்தம் 96,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000. இந்தத் தொகை முதல் தடவை எல்லோருக்கும் அதிர்ச்சி தரும். இது புதுச் செலவு ஒன்றும் இல்லை. கைமாத்து வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, கிரெடிட் கார்டைத் தேய்த்தோ போன வருஷமும் செய்த செலவுதான்.

ஆகஸ்டில் பட்ஜெட் தொடங்குகிறீர்கள், நவம்பரில் தீபாவளி என்றால் இந்த 8,000 கணக்கு உடனே வேலை செய்யாது. அதற்குள் மற்ற பில்களும் வரும். முதல் ஆண்டு மட்டும், வரப்போகும் செலவை மீதமிருக்கும் மாதங்களால் வகுங்கள். மூன்று மாதத்தில் 15,000 என்றால் மாதம் 5,000. அது முடியாது என்று தெரிந்தால், இந்தத் தீபாவளியைப் பத்தாயிரத்துக்குள் முடிப்போம் என்று இப்போதே வீட்டில் பேசிவிடலாம். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு பேசக்கூடிய பேச்சல்ல அது. போனஸ் வந்தால் முதலில் இந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

படி 4: பணத்தைக் கண்ணிலிருந்து மறையுங்கள்

எல்லாப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால், நோட்டில் என்ன எழுதினாலும் கை நிற்காது. இன்னொரு சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். சம்பளக் கணக்கில் வாடகை, இஎம்ஐ, ஆண்டுச் செலவுக்கான 8,000 ஆகியவை இருக்கும். தினச் செலவுக்கான பணம் மட்டும் இரண்டாவது கணக்குக்குப் போகும். போனில் யுபிஐ இந்த இரண்டாவது கணக்கோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும். சம்பளக் கணக்கை யுபிஐ ஆப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். என் கருத்தில் இந்தப் பக்கத்திலேயே அதிகம் பலன் தருவது இந்த ஒரு வேலைதான்.

சேமிப்புக்கு ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிவரும் வைப்பு) போதும். சம்பளம் வந்த மறுநாள் தானாகப் பிடிக்கும்படி தேதி வையுங்கள். உதாரண வீட்டுக்கு மாதம் 4,000. அவ்வளவு முடியாதவர்கள் தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாய்க்குக்கூட ஐந்தாண்டு ஆர்டி தொடங்கலாம்.

சீட்டு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நகைச் சீட்டு நகை வாங்கத்தான், ஆத்திர அவசரத்துக்கு அதிலிருந்து பணமாக எடுக்க முடியும் என்று நம்ப வேண்டாம்.

படி 5: மீதியை வாரமாக வெட்டுங்கள்

42,000-இல் 19,600, 8,000, 4,000 போக மிச்சம் 10,400. மாத மளிகைக்கு 4,400. ரேஷனில் அரிசி, பருப்பு, பாமாயில் வாங்குகிறவர்கள் அதைக் கழித்துவிட்டு மளிகைப் பட்டியல் போடுங்கள். பாக்கி 6,000-இல்தான் காய்கறி, மீன், கறி, பெட்ரோல், டிபன், டீ எல்லாம்.

6,000 என்று பார்த்தால் நிறைய இருப்பதுபோல் தோன்றும், பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடும். அதனால் வாரத்துக்கு 1,350 என்று நான்கு தடவை மாற்றுங்கள். கடைசி இரண்டு மூன்று நாளுக்கு 600. நெட் பேங்கிங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமைதோறும் தானே போய்விடும். இனி டீயைக்கூட எழுத வேண்டியதில்லை, கணக்கில் இருக்கும் தொகையே கணக்கு. வியாழக்கிழமை 300 ரூபாய்தான் இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டன் இல்லை, முட்டைக் குழம்பு.

கிரெடிட் கார்டில் வாங்கினால், வாங்கிய அன்றே அந்தத் தொகையை வாரப் பணத்திலிருந்து சம்பளக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும்.

படி 6: மாதக் கடைசியில் அரை மணி நேரம்

எந்த வாரம் பணம் பற்றவில்லை, ஏன் என்று மட்டும் பாருங்கள். பெட்ரோல்தான் காரணம் என்று இரண்டு மாதம் தொடர்ந்து தெரிந்தால், அந்தத் தொகையே தப்பு. கூட்டி எழுதிவிட்டு, வேறு எதில் குறைப்பது என்று பாருங்கள். மூன்றாவது மாதத்தில்தான் பட்ஜெட் உங்கள் வீட்டுக்குப் பொருந்தத் தொடங்கும்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு

ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் கடை வைத்திருப்பவர், கமிஷனுக்கு வேலை செய்கிறவர் ஆகியோர் சராசரி வருமானத்தை வைத்துப் பட்ஜெட் போடக் கூடாது. கடந்த ஆண்டில் மிகக் குறைவாக வந்த மாதம் எது என்று பார்த்து, அதையே சம்பளமாக வைத்துக்கொள்ளுங்கள். தையல் கடைக்குத் தீபாவளியை ஒட்டி வருகிற கூடுதல் பணம், மார்கழியில் கல்யாண ஆர்டர் இல்லாத நாட்களைத் தாங்க வேண்டும். அதனால் அது ஆண்டுச் செலவுக் கணக்குக்கே போகட்டும். கடைக் கல்லாவிலிருந்து தினமும் ஐம்பது, நூறு என்று வீட்டுக்கு எடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். ஒன்றாம் தேதி உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கல்லாப் பணம் கடைக்கு மட்டும்தான்.