பிரிட்டன் துணைவர் விசா: நல்ல வேலை கிடைத்த கையோடு விண்ணப்பிக்காதீர்கள்

போன மாதம் ஒரு பெண் போனில் அழைத்தாள். கல்யாணமாகி ஐந்து மாதம். கணவர் இங்கே லெஸ்டரில், அவள் தஞ்சாவூரில். "அக்கா, அவருக்குச் சம்பளம் கூடின புது வேலை கிடைச்சிடுச்சு. அடுத்த வாரமே அப்ளை பண்ணிடலாம்னு இருக்கோம்" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். 2019-இல் என் அம்மாவிடம் நானும் இதையேதான் சொன்னேன். அதனால் போனிலேயே அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதை எழுதியும் வைக்கிறேன்.

பாஸ்போர்ட் காலாவதி தேதியைப் பாருங்கள், பிறந்த தேதியைச் சரியாக நிரப்புங்கள் என்பதற்கெல்லாம் நான் தேவையில்லை.

வேலை மாறிய உடனே விண்ணப்பிப்பது

அழைத்துக்கொள்ளும் துணைவருக்கு, வரி பிடிப்பதற்கு முன் ஆண்டுக்கு இத்தனை பவுண்டு வருமானம் வேண்டும் என்பது விதி. எங்கள் காலத்தில் 18,600. 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. எல்லோரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வருமானம் எத்தனை மாதமாக வருகிறது என்பதுதான் முக்கியம், அதை யாரும் கேட்பதில்லை.

சம்பளக்காரர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் முடிந்திருந்தால் 'ஏ' பிரிவு. அந்த ஆறு மாதத்தில் சம்பளம் எப்போது மிகக் குறைவாக இருந்ததோ, அதை வைத்துத்தான் ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவார்கள். ஆக, அதே வேலையில் இரண்டு மாதம் முன்னால் கிடைத்த சம்பள உயர்வுகூட உடனே கைகொடுக்காது. ஆறு மாதம் முடியவில்லையென்றால் 'பி' பிரிவு. அதில் இரண்டையும் காட்ட வேண்டும்: இப்போதைய சம்பளம் வரம்பைத் தாண்ட வேண்டும், கடந்த 12 மாதத்தில் உண்மையிலேயே கைக்கு வந்த மொத்தமும் வரம்பைத் தாண்ட வேண்டும்.

என் கணவர் முதலில் ஆண்டுக்கு 17,000 பவுண்டு வேலையில் இருந்தார். பிறகு 24,000 பவுண்டில் வேறு வேலை. வரம்பைத் தாண்டியாயிற்று, இனி என்ன தடை என்று இரண்டே மாதத்தில் விண்ணப்பித்துவிட்டோம். இரண்டு பே ஸ்லிப், புது நிறுவனத்தின் கடிதம், அவ்வளவுதான் வைத்தோம். மறுப்புக் கடிதம் வந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். பழைய வேலையில் பத்து மாதத்துக்கு 14,167. புது வேலையில் இரண்டு மாதத்துக்கு 4,000. மொத்தம் 18,167. பழைய வேலையின் தாள்களையெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தால்கூட அன்றைய 18,600 வரம்புக்கு 433 பவுண்டு குறைந்திருக்கும். இன்னும் நான்கு மாதம் பொறுத்திருந்தால் 'ஏ' பிரிவில் 24,000 என்று எந்தக் கேள்வியும் இல்லாமல் போயிருக்கும். விண்ணப்பக் கட்டணம் 1,523 பவுண்டு திரும்பவில்லை. அங்கே அரசு மருத்துவச் சேவைக்காக விண்ணப்பத்தோடு கட்டிய சுகாதாரக் கட்டணம் மட்டும் திரும்பி வந்தது. வெளிநாட்டிலிருந்து மேல்முறையீடு செய்ய 28 நாள் அவகாசம் இருந்தது. ஆனால் அந்த வழக்கு முடிவதற்குள் ஆறு மாதமே முடிந்துவிடும் என்று, காத்திருந்து புதிதாக விண்ணப்பித்தோம்.

பணத்தைக்கூட விடுங்கள். விசா வந்துவிடும் என்று நம்பி நான் திருச்சியில் வேலையை விட்டிருந்தேன். அந்த மாதங்களில் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "இன்னும் கிளம்பலையாம்மா?" என்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. யாராவது ஒருவர் இந்த 12 மாதக் கணக்கைச் சொல்லியிருந்தால் போதும். இன்றைக்கும் யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வாங்கிய சம்பளத்தைச் சேர்த்துக் காட்டலாமே என்றுகூட நினைத்திருந்தோம். அதுவும் தவறு. ஊரில் இருந்து விண்ணப்பிப்பவர் அங்கே வேலை செய்து வாங்கும் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது.

தேதி விஷயத்திலும் கவனம் வேண்டும். விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் பணம் கட்டி அனுப்பிய நாள். கைரேகை கொடுத்த நாள் இல்லை. ஆறு மாதத்தை அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அந்த நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பே ஸ்லிப்பில் இருக்கும் தொகையும் ஸ்டேட்மென்ட்டில் வரவாகத் தெரிய வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் ஏறுவதற்கு முன்னாலேயே ஸ்டேட்மென்ட்டை எடுத்துவிட்டு, ஆறு ஸ்லிப்புக்கு ஐந்து வரவு காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனக் கடிதத்தில் எப்போது சேர்ந்தார், என்ன சம்பளம், அந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தர வேலையா என்ற நான்கும் இருக்கட்டும். மூன்றாவதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

தஞ்சாவூர்ப் பெண்ணின் கணவர் முன்பு 26,000 வாங்கினார், இப்போது 34,000. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 26,667. இன்னும் ஐந்து மாதம் பொறு என்று சொன்னேன். அழுதுவிட்டாள். பிறகு சரி என்றாள்.

இனிஷியல்

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல். கல்யாணச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, டிகிரி சான்றிதழில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கோப்பைப் படிக்கும் அதிகாரிக்குத் தெரியாது. என் தோழி ஒருத்தி முதல் பக்கத்திலேயே ஒரு சிறு விளக்கக் கடிதம் வைத்தாள்: எந்த ஆவணத்தில் எந்த வடிவம், இனிஷியல் யாருடைய பெயரைக் குறிக்கிறது என்று. நல்ல வழி. சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கட்டாயம். அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும்.

முந்நூறு பக்க வாட்ஸ்அப்

உறவு உண்மையானது என்று காட்டத்தான் அரட்டையை வைக்கிறோம். ஒரே வாரத்தின் "சாப்பிட்டியா" முந்நூறு பக்கம் வந்தால் அது எதையும் காட்டாது. நிச்சயதார்த்தத்திலிருந்து இன்றுவரை மாதத்துக்கு ஓரிரு பக்கம் எடுங்கள். கூடவே கணவர் ஊருக்கு வந்து போன டிக்கெட், இருவர் குடும்பமும் சேர்ந்திருக்கும் நாலைந்து படம். போதும்.

பழைய மறுப்பை மறைப்பது

வேண்டாம். எந்த நாடு விசா மறுத்திருந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், கேட்கிற இடத்தில் எழுதுங்கள். பழைய மறுப்பு இருப்பதாலேயே விசா போய்விடாது. வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் அது ஏமாற்று. பத்து ஆண்டுவரை தடை விழலாம்.

மொழித் தேர்வு

ஆங்கிலம் தெரியும் என்று காட்ட சாதாரண ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு செல்லாது. பிரிட்டன் விசாவுக்கென்று அங்கீகரித்த ஏ1 (தொடக்க நிலை) பேச்சு, கேட்டல் தேர்வுதான் வேண்டும்.

காசநோய்ச் சான்றிதழ்

காசநோய் இல்லை என்று விண்ணப்பத்தோடு வைக்கும் இந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். சம்பளக் கணக்கு முடியும் தேதியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.