ஒரு ஸ்கேலும் ரப்பர் பேண்டும் போதும்: உரப்பு, சுருதி செய்முறை விளக்கம்

ஒலியைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் எளிதில் குழம்பிவிடும். ஒலி எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது ஒன்று, அதுதான் உரப்பு. அது கீச்சென்று இருக்கிறதா, கட்டையாக இருக்கிறதா என்பது இன்னொன்று, அது சுருதி. இவை இரண்டும் வெவ்வேறு காரணங்களால் மாறுபவை. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் கையால் செய்து பார்த்துவிடுங்கள். ஒரு 30 செ.மீ. ஸ்கேல், கனமான மேசை, ரப்பர் பேண்ட், மூடியில்லாத சின்னப் பெட்டி, இவ்வளவுதான் தேவை.

படி 1: அதிர்வைக் கண்ணால் பாருங்கள்

ஸ்கேலில் 25 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேசை விளிம்பில் வையுங்கள். மேசைமேல் இருக்கும் பகுதியை விளிம்பை ஒட்டியே அழுத்திப் பிடியுங்கள். பிடி தளர்ந்தால் ஸ்கேல் மேசையில் படபடவென்று அடிக்கும்; நமக்கு வேண்டிய ஒலி அதில் அமுங்கிப்போகும்.

இப்போது நுனியைக் கீழே அழுத்தி விடுங்கள். ஸ்கேல் மேலும் கீழும் ஆடுவது நன்றாகத் தெரியும், ஆனால் ஒலி ஏறக்குறைய இருக்காது. நொடிக்குச் சுமார் 20 அதிர்வுகள், அதாவது 20 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே இருந்தால் மனிதக் காது அதை ஒலியாக உணர்வதில்லை. மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது குறையும்.

ஸ்கேல் ஒரு பக்கம் நகரும்போது அங்குள்ள காற்றை நெருக்குகிறது. திரும்பும்போது அதே இடத்தில் காற்று தளர்கிறது. இந்த நெருக்கமும் தளர்வும்தான் மாறி மாறிப் பரவிக் காதுக்கு வருகின்றன. காற்றே கிளம்பி வருவதில்லை, அது இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகிறது. 20 டிகிரி செல்சியஸில் இந்த அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? கண்ணாடிக் கலத்துக்குள் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றை வெளியேற்றினால் அதன் ஓசை தேய்ந்து மறைவதை ராபர்ட் பாயில் 1660-லேயே எழுதியிருக்கிறார்.

படி 2: உரப்பை மட்டும் மாற்றுங்கள்

நீட்டிய பகுதியை 12 செ.மீ. ஆக்குங்கள். முதலில் மெதுவாக, அப்புறம் பலமாகச் சுண்டுங்கள். இரண்டாவது முறை நுனி அதிக தூரம் ஆடும், ஒலியும் பெரிதாகும். ஆட்டத்தின் இந்த அளவுக்குத்தான் வீச்சு என்று பெயர். சுருதி மட்டும் அப்படியே இருக்கும். ஒலி அடங்கும் கடைசி நொடியைக் கூர்ந்து கேளுங்கள்: உரப்பு குறைந்துகொண்டே போகும், சுருதி இறங்காது.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள். 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு, அதாவது ஒலி நொடிக்குச் சுமந்துவரும் ஆற்றல், 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. காதுக்கோ 10 டெசிபல் ஏற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு உரப்பாகத்தான் தோன்றும்.

படி 3: சுருதியை மட்டும் மாற்றுங்கள்

இப்போது 6 செ.மீ. மட்டும் நீட்டிச் சுண்டுங்கள். சுருதி சட்டென்று ஏறும். சுருதியைத் தீர்மானிப்பது அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பது. நீளம் பாதியானால் ஸ்கேலின் அதிர்வெண் நான்கு மடங்காகிறது, அதாவது இரண்டு ஸ்தாயி மேலே போகிறது (அதிர்வெண் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்தாயி). எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது: நீளமாக வைத்துச் சுண்டிவிட்டு, அது அதிரும்போதே ஸ்கேலை உள்ளே இழுங்கள். சுருதி வழுக்கிக்கொண்டு மேலே ஏறுவதைக் கேட்கலாம்.

படி 4: ரப்பர் பேண்ட்

இழுத்துப் பிடித்த இழை வேறு விதம். ரப்பர் பேண்டைப் பெட்டியின் மேல் மாட்டி மீட்டுங்கள். பிறகு அதன் நடுவில் இரு விரல்களால் கிள்ளிப் பிடித்து ஒரு பாதியை மட்டும் மீட்டுங்கள். இங்கே நீளம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்கு, சரியாக ஒரு ஸ்தாயி மேலே.

கையில் பிடித்து இழுத்து இழுத்துப் பார்ப்பவர்கள் சுருதி பெரிதாக ஏறவில்லையே என்று திகைப்பார்கள். இழுக்கும்போது இழுவிசை கூடுகிறது, கூடவே நீளமும் கூடுகிறது. ஒன்றின் விளைவை மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. அதனால்தான் நீளம் மாறாத பெட்டி தேவை.

படி 5: அளந்து பாருங்கள்

செல்போனில் ஃபைபாக்ஸ் (phyphox) போன்ற இலவசச் செயலி இருந்தால் ஒலியலையைத் திரையிலேயே பார்க்கலாம். பலமாக மீட்டினால் அலை உயரமாகும்; சுருதி ஏறினால் அலைகள் நெருங்கி வரும். இரண்டு ஒலிகளின் உரப்பை ஒப்பிடும்போது சுருதி ஒன்றாக இருக்கட்டும். காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலி அதே டெசிபலில் இருந்தாலும் மங்கலாகவே கேட்கும்.

அதிர்வெண் கிடைத்ததும் ஒலியின் வேகமான 343-ஐ அதால் வகுத்தால் அலைநீளம், அதாவது ஒரு நெருக்கத்துக்கும் அடுத்த நெருக்கத்துக்கும் இடையிலான தூரம், மீட்டரில் வந்துவிடும். 440 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 78 செ.மீ.