கையில் இருக்கும் நெக்குக்கு எந்த ஸ்ட்ராட் பாடி பொருந்தும்?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாற்று பாடி (உடல் மரம்) தேடுகிறவர்களில் பலர் முதலில் மர வரியைப் பார்க்கிறார்கள், அடுத்து நிறத்தை. இரண்டிலும் ஏமாந்தால் பெரிய நஷ்டமில்லை. நெக் (கிட்டாரின் கழுத்துத் தண்டு) உட்காரும் பள்ளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால்தான் கிட்டாரே வாசிப்புக்கு வராது. எனவே கடைப் பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து, கையில் இருக்கும் நெக்கையும், பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் அளந்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், வகைக்கு. 1954-ல் ஃபெண்டர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகால்தான் முடுக்கினார்கள். இன்று பாடியை மட்டும் தனியாக வாங்கி மாட்ட முடிவது அதனால்தான்.

முதலில் நெக்கின் அடிப்பகுதி, அதாவது பள்ளத்தில் உட்காரும் கோடி. ஃபெண்டர் அளவில் அதன் அகலம் ஏறக்குறைய 56 மி.மீ., விரல் பதிக்கும் பலகையான ஃபிங்கர்போர்டையும் சேர்த்துத் தடிமன் 25.4 மி.மீ. பாடியில் அதற்கான பள்ளம் 15.9 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். பள்ளம் 17, 18 என்று ஆழமாகிவிட்டால் நெக் கீழே இறங்கிவிடும். பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் சேடிலை அடிமட்டம் வரை இறக்கினாலும் கம்பி உயரமாகவே நிற்கும். 14 மி.மீ. போல ஆழம் குறைந்தால் இதற்கு நேர்மாறு: சேடிலைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும், அதன் குட்டித் திருகுகளின் நீளம் போதாது. முதல் கோளாறை நெக்கின் அடியில் மெல்லிய மரச்சீவல் வைத்துச் சரிசெய்யலாம். பள்ளத்தின் உள்கோடியில் அரை மி.மீ. உயர்த்தினாலே பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரியும். இரண்டாவது கோளாறுக்கு மரம் குடையும் ரூட்டர் மெஷினைப் பிடிக்க வேண்டும். ஆகவே சந்தேகம் வந்தால் ஆழம் கூடுதலான பாடியே மேல்.

நெக்கின் கோடி வட்டமா சதுரமா என்றும் பாருங்கள். ஸ்ட்ராட் நெக் வட்டமாக முடியும், ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டரின் நெக் சதுரமாக. ஸ்ட்ராட் நெக்கை டெலி பாடியில் வைத்தால் மூலைகளில் கொஞ்சம் இடைவெளி தெரியும், அவ்வளவுதான். டெலி நெக்கோ ஸ்ட்ராட் பள்ளத்தில் மூலை இடித்து நிற்கும். அதை அரத்தால் வட்டமாக்க வேண்டியிருக்கும்.

திருகு போடாமலே நெக்கைப் பிடித்துக் கிட்டாரைத் தூக்க வேண்டும், அதுதான் நல்ல பொருத்தம் என்று ஒரு பேச்சு உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் பாலியெஸ்டர் பெயின்ட் தடிமனாக ஏறிய பாடியில் அவ்வளவு இறுக்கம் இருந்தால், நெக்கை நுழைக்கும்போதே பள்ளத்தின் மூலையில் பெயின்ட் மயிரிழையாக வெடிக்கும். பக்கத்துக்கு ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி போதும், அது தொனியைக் கெடுக்காது. பள்ளத்துக்குள் பெயின்ட் கட்டியாக இருந்தால் கூர்மையான உளியால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

அடுத்து பிரிட்ஜ். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஆறு திருகு டிரெமலோவில் (சுருதியை அசைக்கக் கைப்பிடி உள்ள பிரிட்ஜ்) இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. பழைய ஃபெண்டர் அளவில் முதல் திருகிலிருந்து ஆறாவது திருகுக்கு 56 மி.மீ. சொச்சம், அதாவது துளைக்குத் துளை 11.3 மி.மீ. ஆசியத் தயாரிப்புகளில் நிறைய 52.5 மி.மீ., துளைக்குத் துளை 10.5 மி.மீ. படத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். பிரிட்ஜ் தகட்டைத் துளைகளின் மேல் வைத்தால் நடு இரண்டும் பொருந்தும், ஓரத்துத் துளைகள் மட்டும் இரண்டு மி.மீ. தள்ளி நிற்கும். அதில் திருகை வலுக்கட்டாயமாக ஏற்றினால் தகடு தடையில்லாமல் ஆடாது, டியூனிங் நிற்காது. செய்ய வேண்டியது இதுதான்: பழைய துளைகளைக் கடினமான மரத்தால் செய்த உருளைக் குச்சி வைத்து, மரப்பசை போட்டு அடைத்து, ஒரு நாள் காயவிட்டுப் புதிதாகத் துளையிடுவது. இரண்டு தூண் வகை என்றால் தூண்களுக்கிடையே பெரும்பாலும் 56 மி.மீ.; கம்பியைப் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் வகை டிரெமலோவுக்கு 74 மி.மீ., அதற்குக் குடைவே வேறு. இரண்டையும் கலக்க முடியாது.

பாடியின் தடிமனையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வழக்கமான அளவு 44 முதல் 45 மி.மீ. மலிவு வகைகளில் 40 மி.மீ. பாடிகளும் வருகின்றன. டிரெமலோவின் அடியில் தொங்கும் உலோகக் கட்டியான டிரெமலோ பிளாக் முழு நீளத்தில் ஏறக்குறைய 42 மி.மீ. இருக்கும், அது மெல்லிய பாடியின் முதுகுப் பக்கம் துருத்தும், 36 மி.மீ. பிளாக் தேட வேண்டிவரும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வழக்கமான நெக் திருகு 45 மி.மீ. நீளம். 44.5 மி.மீ. பாடியில், பள்ளம் போக மீதி மரமும் பின் தகடும் சேர்ந்து சுமார் 30 மி.மீ.; நெக்குக்குள் 15 மி.மீ. ஏறும். 40 மி.மீ. பாடியில் அதே திருகு 19, 20 மி.மீ. ஏறி ஃபிங்கர்போர்டின் அடியைத் தொடப் பார்க்கும். கடைசிச் சுற்றில் ஃபிங்கர்போர்டில் பதித்த ஃபிரெட் பட்டைகளுக்கு நடுவே மரம் புடைத்துக்கொண்டு வந்தால் காரணம் இதுதான். மெல்லிய பாடிக்கு 40 மி.மீ. திருகு வாங்குங்கள்.

திருகு பற்றி இன்னும் ஒன்று. பாடியின் துளைகளில் திருகு தடையில்லாமல் நழுவ வேண்டும், 4.5 மி.மீ. பிட் சரியாக இருக்கும். மரை கடிக்க வேண்டியது நெக்கில் மட்டும். பாடியிலும் கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நெக்குக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து தங்கிவிடும். மேப்பிள் நெக்கில் 3.2 மி.மீ. வழித்துளை போட்டு, திருகில் மெழுகு தடவி ஏற்றுங்கள். நெக்கில் ஏற்கெனவே துளை இருந்தால் நான்கும் 38க்கு 51 மி.மீ. செவ்வகத்தின் மூலைகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிக்கப் குடைவு அவ்வளவு தலைவலி இல்லை. மூன்று சிங்கிள் காயிலுக்கு மட்டும் வெட்டிய பாடியில், அகலமான இரட்டைச் சுருள் பிக்கப்பான முழு அளவு ஹம்பக்கர் இறங்காது. பின்னாளில் மனம் மாறும் என்றால் மூன்று இடத்தையும் சேர்த்துத் தொட்டி போலக் குடைந்த பாடி வாங்குங்கள். மேலே மாட்டும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு எப்படியும் மூடிவிடும். வால்யூமும் சுவிட்சும் உட்காரும் கன்ட்ரோல் குழியின் ஆழத்தை மட்டும் கேளுங்கள்: அமெரிக்க வகைத் திறந்த ஐந்துவழி சுவிட்சுக்கு 38 மி.மீ. போல வேண்டும். முதுகுப் பக்கத்தில் டிரெமலோவின் ஸ்பிரிங் இருக்கும் குழியிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு எர்த் வயர் போகும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவு பாடிகளில் அதைப் போட மறந்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்த பின் நீளமான பிட்டை அந்தக் கோணத்தில் நுழைப்பது பெரிய அவஸ்தை.

கடைசியில் மரம். 1956 வாக்கில் ஃபெண்டர் ஆஷிலிருந்து ஆல்டருக்கு மாறியது; ஆல்டர் பாடி இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். எடை குறைந்த ஆஷ் இப்போது கிடைப்பதே அரிது, மரத்தைத் துளைக்கும் வண்டு வட அமெரிக்காவில் அதை அழித்துக்கொண்டிருக்கிறது. பாஸ்வுட் நல்ல மரம்தான், ஆனால் மிருது. பிரிட்ஜ் திருகைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் மரை உதிரும். துளையில் நீர்த்த சூப்பர் குளூ இரண்டு சொட்டு விட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு திருகினால் பிடிக்கும். பாலோனியா 1.3 கிலோவுக்கே கிடைக்கும், விலையும் குறைவு. அதில் மாட்டியதும் நெக் கீழே சாயும், இடது கை எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்ளூர்த் தச்சரிடம் செய்யச் சொல்லலாமா? வீணை செய்யும் பலா மரம் கிட்டாருக்கும் உதவும், ஆனால் எடை ஏறும். அதே அளவில் தேக்குப் பாடி ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ வரும். உள்ளே குடைந்து எடை குறைக்காமல் இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி வாசிக்க முடியாது. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரம் சில மாதத்தில் சுருங்கி நெக் பள்ளத்தையே கோணலாக்கும்.

பார்சல் வந்ததும் எண்ணெயோ பெயின்டோ தொடாதீர்கள், உப்புத்தாள்கூட வேண்டாம். தேய்த்த பாடியைத் திரும்ப வாங்க மாட்டார்கள். நெக்கைப் பள்ளத்தில் வைத்து கிளாம்ப் போடுங்கள். நெக்கின் மேல்கோடியில் கம்பிகள் உட்காரும் நட்டிலிருந்து 12-வது ஃபிரெட் வரை அளந்தால் 324 மி.மீ. வர வேண்டும். அங்கிருந்து இன்னொரு 324-ல் மெல்லிய ஈ கம்பியின் சேடில் வந்து நிற்க வேண்டும், முன்னால் நகர இரண்டு மூன்று சுற்று மிச்சம் இருக்க, பின்னால் போக தாராளமாக இடம் இருக்க. பிறகு நட்டின் இரு ஓரத்து வெட்டிலிருந்தும் பிரிட்ஜுக்கு நூல் கட்டுங்கள். கடைசி ஃபிரெட்டருகே நூலுக்கும் ஃபிங்கர்போர்டின் ஓரத்துக்கும் இடையே இருபக்கமும் ஒரே அளவு, 3 மி.மீ. போல, விட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் 1, மறு பக்கம் 5 என்று வந்தால், நெக்கைப் பள்ளத்துக்குள் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளியும் நேராகாவிட்டால் பிரிட்ஜ் துளைகள் கோணல். அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.